வந்தாளா, வந்ததா? தெலுங்கு உளவியல் திகில் புதினங்களும் தமிழ் வினைமுற்றும்

மொழிபெயர்ப்பாய்வில் ஈடுபடுவோர் காப்பியங்களையும் பரிசு பெற்ற புதினங்களையும் எடுத்துக்கொள்வதே வழக்கம். வார இதழ்களில் தொடராக வந்து, பின்னர் வாடகை நூலகங்களில் அட்டை கிழியும்வரை படிக்கப்பட்ட திகில் புதினங்களை அவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. தொட்டாலும் மக்கள் சுவைக்குச் சான்றாகவோ, மூடநம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாகவோ சுட்டிவிட்டுச் சென்றுவிடுகின்றனர். இதனால் இழப்பு மொழியியலுக்கே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பிற புதினங்களில் ஒரு வினைமுற்றின் விகுதி பிழைபட்டால் நடை கெடும். திகில் புதினத்தில் கதையே கெட்டுவிடும். செய்தவர் யார் என்பதை முந்நூறு பக்கங்கள் மறைத்துவைக்க வேண்டிய ஆசிரியருக்கு, தொடர்தோறும் செய்தவரின் திணையையும் பாலையும் அறிவித்துக்கொண்டே செல்லும் மொழி ஓர் இடையூறு. அவ்விடையூறு தெலுங்கில் ஒருவகையாகவும் தமிழில் வேறொரு வகையாகவும் அமைந்துள்ளது. தெலுங்கிலிருந்து தமிழுக்கு வரும் திகில் கதை தன் அச்சத்தில் ஒரு பகுதியை எல்லையிலேயே இழந்துவிடுவது இதனாலேயே.

எல்லை என்பது இங்கு உவமை மட்டுமன்று. சித்தூரிலும் திருப்பதியிலும் இவ்வகைப் புதினங்களை இரு மொழிகளிலும் படிப்பவர்கள் உண்டு. வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு பலமுறை மாறியும் நகரி, புத்தூர், சத்தியவேடு முதலிய ஊர்களில் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் மற்றொரு மொழியும் பயில்வது மாறவில்லை. மூலத்தையும் பெயர்ப்பையும் அடுத்தடுத்துப் படித்து, ‘தமிழில் முன்னதாகவே தெரிந்துவிடுகிறது’ என்று சொல்லக்கூடிய வாசகரை வேறிடத்தில் காண்பது அரிது. இக்கட்டுரையும் அத்தகைய ஒரு வாசகரின் பார்வையில் எழுதப்படுவதே.

வீட்டுக்குள் நுழைந்த அச்சம்

தெலுங்கில் மனத்தின் உட்போக்கைப் புதினமாக்கும் முயற்சி பழையது. திரிபுரநேனி கோபிசந்தின் ‘அசமர்த்துனி ஜீவயாத்ர’ (1947) தெலுங்கின் முதல் உளவியல் புதினம் எனப் பலராலும் குறிக்கப்படுகிறது. புச்சிபாபுவின் ‘சிவரகு மிகிலேதி’யும் அக்காலத்ததே. இவை இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றவை. மறுபுறம் கொம்மூரி சாம்பசிவராவின் துப்பறியும் கதைகள் வெகுமக்களிடையே பரவின. இவ்விரு நீரோட்டங்களும் கலந்த இடம் யண்டமூரி வீரேந்திரநாத்தின் ‘துளசிதளம்’ எனலாம்.

1980களின் தொடக்கத்தில் வெளிவந்த இப்புதினத்தில் துப்பறிபவர் முதன்மை பெறுவதில்லை. ஒரு குடும்பம், ஒரு சிறுமி, அவள்மீது ஏவப்படும் மாந்திரீகம் ஆகியனவே கதை. மந்திரத்தால் விளைந்தது என்பதும் மனத்தால் விளைந்தது என்பதும் இணைகோடுகளாகவே செல்லுகின்றன. ஒன்றை மற்றொன்று முற்றிலும் வெல்வதில்லை. பட்டயக் கணக்காளராக இருந்த ஆசிரியர் வரவையும் செலவையும் சமன்செய்வதுபோல் இரு விளக்கங்களையும் எடைபோட்டு வைத்திருக்கிறார். பின்வந்த எழுத்துகளில் இச்சமநிலை அவருக்கு இதே அளவு கைகூடவில்லை என்பது எம் கணிப்பு.

யண்டமூரியைத் தமிழ் வாசகரிடம் கொண்டுசேர்த்தவர்களுள் சுசீலா கனகதுர்கா, கௌரி கிருபானந்தன் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். ‘காஷ்மோரா’ என்னும் சொல்லே இப்பெயர்ப்புகள் வாயிலாகத்தான் தமிழ் வாசகருக்குப் பழக்கமாயிற்று எனலாம். 2016இல் அது ஒரு தமிழ்த் திரைப்படத்தின் தலைப்பாகவும் ஆயிற்று. அப்போது தமிழில் மாத நாவல்கள் பெருகியிருந்தன. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா முதலியோரின் கதைகளில் குற்றம் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும். அதை வெளியிலிருந்து வரும் ஒருவரே தீர்ப்பார். தெலுங்கிலிருந்து வந்த கதையிலோ அச்சம் பூசையறையிலும் தொட்டிலருகிலும் இருந்தது. தமிழ் வாசகர் அதை விரும்பிப் படித்ததற்கு இப்புதுமையும் ஒரு காரணம்.

ஒரு விகுதியின் வேலை

தெலுங்கில் படர்க்கை ஒருமை வினைமுற்று இருவகைப்படும். ஆண்மகன் வந்தால் ‘வச்சாடு’. பெண் வந்தாலும், பூனை வந்தாலும், புயல் வந்தாலும் ‘வச்சிந்தி’. பெண்பாலுக்கெனத் தனி விகுதி வினையில் இல்லை. ‘ஆமெ’ என்னும் சுட்டுப்பெயர் பெண்ணைக் காட்டும். ஆனால் எழுவாயை விட்டுவிடுவது தமிழைப் போலத் தெலுங்கிலும் இயல்பு. எழுவாய் மறைந்தவுடன் பெண்ணும் பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. பன்மையிலோ நிலை வேறு. பெண்கள் ஆண்களோடு சேர்ந்து ‘வச்சாரு’ என்றாவர், அஃறிணை ‘வச்சாயி’ என்று பிரிந்து நிற்கும். தமிழில் ஒருமையிலேயே வந்தான், வந்தாள், வந்தது என மூன்று. -அள் என்னும் பெண்பால் ஈறு தென்திராவிட மொழிகளில் பின்னர்த் தோன்றிய புத்தாக்கம் என்பது பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி முதலிய அறிஞர் கொள்கை.

இனி எடுத்துக்காட்டாக நாமே அமைத்துக்கொள்ளும் ஒரு தொடரை நோக்குவோம். நள்ளிரவு, குழந்தை உறங்குகிறது. ‘தலுபு தெரிச்சிந்தி. லோபலிகி வச்சிந்தி.’ கதவைத் திறந்தது யார்? உள்ளே வந்தது யார்? தாயா, மாமியாரா, வேலைக்காரியா, இறந்துபோன முதல் மனைவியா, பேயா? தெலுங்கு வாசகருக்கு ஆண்மகன் அல்லன் என்பது மட்டுமே தெரியும். மற்ற அனைத்தும் திறந்தே கிடக்கின்றன. ஆசிரியர் எந்த உத்தியையும் கையாளவில்லை. இலக்கணமே அவருக்காக மறைத்துக்கொடுக்கிறது.

தமிழில் பெயர்ப்பவர் ‘கதவைத் திறந்தாள், உள்ளே வந்தாள்’ என்று எழுதினால் பேய் வெளியேறிவிடும். ‘கதவைத் திறந்தது, உள்ளே வந்தது’ என்று எழுதினால் வீட்டுப் பெண்கள் அனைவரும் குற்றத்திலிருந்து விடுபட்டுவிடுவர். முதல் தொடர் உளவியல் புதினத்துக்கு உரியது. இரண்டாவது பேய்க்கதைக்கு உரியது. மூலத்தில் இரண்டுமாக இருந்த நூல் தமிழில் ஏதேனும் ஒன்றாகிவிடுகிறது. அதுவும் தொடர்கதையாகப் பெயர்க்க நேர்ந்தால், முடிவு இன்னதென்று அறியும் முன்னரே பெயர்ப்பாளர் மூன்றாம் வாரத்தில் தீர்ப்பு வழங்கிவிட வேண்டியிருக்கும்.

ஆண்மகனைப் பொறுத்தவரை தெலுங்கு எழுத்தாளருக்கும் இச்சலுகை இல்லை என்பது இங்குக் கருதத்தக்கது. குற்றவாளி கணவனாயின் ‘-டு’ ஈறு அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். தெலுங்கு வீட்டுத் திகில் கதையில் ஆண் இலக்கணத்தால் எப்போதும் வெளிச்சத்தில் நிற்கிறான். பெண்ணோ விளக்கோடும் கதவோடும் ஒரே விகுதியைப் பகிர்ந்துகொண்டு இருளில் கலந்துவிடுகிறாள். தெலுங்கு பேசுவோர் மனைவியைத் தட்டுமுட்டுப் பொருளாக எண்ணுகின்றனர் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பேதைமை. விகுதியிலிருந்து மனப்பாங்கைக் கணிப்பவர், பன்மையில் அதே பெண்கள் ஆண்களோடு சேர்வதற்கும் விடை சொல்லவேண்டும். ஆனால் மொழியில் கிடக்கும் ஒரு மயக்கத்தை எழுத்தாளன் பயன்கொள்ள முடியும், பயன்கொள்கிறான். (மலையாளம் வினையில் திணை, பால், எண், இடம் அனைத்தையும் விட்டொழித்துவிட்டது. திகில் கதைக்கென்றே செய்ததுபோன்ற மொழி அது.)

தொல்காப்பியர் சொன்ன உரு

இச்சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கம் ஐயம் தோன்றுமிடத்து எவ்வாறு கூறுவது என்பதை வரையறுத்துள்ளது. உயர்திணை என்று தெரிந்து, ஆணா பெண்ணா என ஐயுற்றால் பன்மையால் கூறுக என்பது ஒரு விதி. திணையிலேயே ஐயமாயின், உரு என்னும் சொல்லாலோ அஃறிணை வாய்பாட்டாலோ கூறுக என்பது அடுத்த விதி. சற்றுத் தொலைவில் தெரிவது மரக்கட்டையோ மனிதனோ என்று ஐயுறுபவனை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டாகத் தருவர்.

முதல் விதி இன்றும் வீட்டுப் பேச்சில் உயிரோடிருக்கிறது. கதவைத் தட்டுபவர் ஒருவரே என்று தெரிந்தாலும் ‘யாரோ தட்டுகிறார்கள்’ என்கிறோம். தெலுங்கரும் ‘எவரோ’ என்று பன்மையிலேயே தொடங்குவர். எழுத்து நடையில் மட்டும் ‘வந்தார்’ என்னும் வடிவம் மதிப்புப் பொருளால் பிடிக்கப்பட்டுவிட்டது. நள்ளிரவில் கத்தியோடு நுழைபவரை ‘வந்தார்’ என்று எழுதினால் வாசகர் சிரித்துவிடுவார்.

இரண்டாம் விதி வந்து சேர்ந்த இடம் வியப்புக்குரியது. ‘அந்த உருவம் மெல்ல நகர்ந்தது’ என்பதைக் காணாத தமிழ் மாத நாவல் வாசகர் இருக்க முடியாது. மலிவான உத்தி என்று விமர்சகர் அதை ஒதுக்குவர். உண்மையில் அது தொல்காப்பியர் காட்டிய வழியே. வினைமுற்று மூன்று கதவுகளையும் அடைத்துவிட்டதால், அஃறிணைப் பெயர் ஒன்றை எழுவாயாக்கித் தமிழ் எழுத்தாளன் தப்பிக்கிறான். ‘கை ஒன்று நீண்டது’, ‘காலடிகள் நெருங்கின’, ‘நிழல் விழுந்தது’ என்பனவும் இவ்வினத்தனவே. சுஜாதாவின் ‘ஆ’ புதினத்தில் நாயகனுக்கு மட்டும் கேட்கும் குரலும் அத்தகையதே. குரல் என்ற சொல் அஃறிணை. ஆதலால் அது யாருடையது என்பதை வினை சொல்லவேண்டுவதில்லை. ஒவ்வோர் அத்தியாயத்தையும் ‘ஆ’ என்ற ஒலியோடு முடித்த அவ்வாசிரியர் இந்த இலக்கண வசதியை நன்கறிந்தே பயன்படுத்தியிருக்க வேண்டும். தமிழில் நேரடியாக எழுதப்பட்ட உளவியல் திகில் கதைகளுள் அதற்கு நிகராக எம்மால் வேறொன்றைச் சொல்ல இயலவில்லை.

எனினும் ‘உருவம்’ தெலுங்கு விகுதிக்கு ஈடாகாது. தெலுங்கு ‘வச்சிந்தி’ சிறிதும் உறுத்தாத அன்றாடச் சொல். வாசகர் தாம் ஏமாற்றப்படுவதையே உணர்வதில்லை. ‘உருவம்’ என்றவுடன் ஆசிரியர் எதையோ மறைக்கிறார் என்று தமிழ் வாசகர் விழித்துக்கொள்கிறார். ஆகவே பெயர்ப்பாளர் அச்சொல்லைச் சிக்கனமாகக் கையாளவேண்டும். எச்சங்கள் அவருக்கு மேலும் உதவும். ‘கதவைத் திறந்து உள்ளே வந்தபோது குழந்தை புரண்டு படுத்தது’ என்னும் தொடரில் திறந்தவர் யார் என்பதை எச்சம் சொல்வதில்லை. முற்றைத் தள்ளிப்போடுவதே தமிழில் இயலக்கூடிய மறைப்பு. செயப்பாட்டுவினையைச் சிலர் நாடுவர். அது தவறான வழி. ‘கதவு திறக்கப்பட்டது’ என்பது திறந்தவர் ஒருவர் உண்டு என்று அறிவித்துவிடுகிறது. ‘கதவு திறந்துகொண்டது’ என்பதோ ஒருவரும் இல்லை என்கிறது. இடைப்பட்ட ‘கதவு திறந்தது’ என்பதே பல இடங்களில் போதும். செய்தவரை மறைக்கச் செயப்பாட்டுவினையை நாடும் இதே தமிழில் மாந்திரீகத்துக்குச் ‘செய்வினை’ என்று பெயர் அமைந்திருப்பது ஒரு வேடிக்கை. தெலுங்குச் ‘சேதபடி’க்கு அச்சொல்லே பொருத்தமானது.

மூடநம்பிக்கைக் குற்றச்சாட்டு

‘துளசிதளம்’ வெளிவந்தபின் தெலுங்கில் எழுந்த கண்டனம் சிறிதன்று. ரங்கநாயகம்மா அதனைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அறிவியலின் பெயரால் மாந்திரீகத்துக்கு மதிப்புத் தேடித்தரும் எழுத்து சமூகத்துக்குக் கேடு என்பது இத்தகைய கண்டனங்களின் சாரம். இக்குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. செய்வினை வைத்தாள் என்ற பழியால் பெண்கள் துன்புறுத்தப்பட்ட நாட்டில், இருவகையாகவும் கொள்ளலாம் என்று ஒரு புதினம் கைவிரிப்பது நடுநிலை ஆகாது என்பார் கூற்றில் உண்மை உண்டு.

ஆயினும் இவ்வழக்கில் மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தெலுங்கு மூலம் ‘வச்சிந்தி’ என்று நிறுத்திக்கொண்ட இடத்தில் தமிழ் ‘வந்தது’ என்றால், ஆசிரியர் சொல்லாத சாட்சியத்தைப் பெயர்ப்பு சொல்லிவிடுகிறது. பேயின் இருப்பு ஒரு விகுதியால் உறுதிப்படுகிறது. ‘வந்தாள்’ என்றால் பழி வீட்டுப் பெண் ஒருத்திமேல் விழுகிறது. முன்னதில் மூடநம்பிக்கை ஓங்கும். பின்னதில் மாமியார் மருமகள் கதையாக நூல் சுருங்கும். தமிழ்ப் பதிப்பை மட்டும் படித்துவிட்டு ஆசிரியரின் கொள்கையை மதிப்பிடும் திறனாய்வாளர் உண்மையில் பெயர்ப்பாளரின் விகுதித் தேர்வையே மதிப்பிடுகிறார். கன்னடத்துக்குப் பெயர்த்தவரும் இதே நெருக்கடிக்கு உள்ளாகியிருப்பார். அங்கும் ‘பந்தளு’, ‘பந்திது’ என்று பெண்பாலும் அஃறிணையும் பிரிந்தே நிற்கின்றன.

தமிழுக்குக் கிடைக்கும் ஆதாயம்

இதுவரை இழப்பைப் பேசினோம். ஆங்கிலத்திலிருந்து இவ்வகைப் புதினங்களைப் பெயர்க்கும்போது தமிழுக்கும் தெலுங்குக்கும் ஆதாயமே மிகுதி என்பதையும் சொல்லவேண்டும்.

மனைவியின் நினைவே பிழை என்று அவளை நம்பவைக்கும் கணவனின் கதை, பாட்ரிக் ஹாமில்டனின் ‘கேஸ் லைட்’ நாடகம் (1938) முதல் மேலைநாட்டில் தொடர்ந்து வருகிறது. பாலா ஹாக்கின்ஸின் ‘தி கேர்ள் ஆன் தி டிரெய்ன்’ (2015) அம்மரபின் அண்மைக் கிளை. குடியால் நினைவிழந்த ஒரு பெண், தான் செய்ததைப் பிறர் சொல்லித்தான் அறிகிறாள். இதனை ஆங்கிலம் நீண்ட விளக்கங்களால் உணர்த்தவேண்டும். தமிழுக்கு ஓர் இடைச்சொல் போதும். ‘நேற்று நான் கதவைப் பூட்டவில்லையாம்’ என்னும் தொடரை நோக்குக. செய்தவள் நான்; செய்தியின் உடைமையோ பிறருடையது. நினைவில்லை என்பது, நம்பவும் முடியவில்லை என்பது, மறுக்கவும் துணிவில்லை என்பது ஆகிய மூன்றும் ‘ஆம்’ என்பதில் அடங்கிவிடுகின்றன. தெலுங்கில் ‘நின்ன நேனு தலுபு வேயலேதட’ என்றால் அதே பொருள், அதே நடுக்கம். தன்மை வினையோடு ‘ஆம்’ சேர்வது இலக்கண நூல்களில் ஓரத்துக் குறிப்பாக நிற்கிறது. இவ்வகைப் புதினத்திலோ அதுதான் நடுவிடம் பெறவேண்டும். ஆங்கிலத்தின் ‘அவர் சொன்னார்’ என்பதை வரிக்குவரி பின்பற்றும் பெயர்ப்பாளர் கையிலிருக்கும் கருவியை விட்டுவிட்டு வெறுங்கையோடு போராடுகிறார்.

மதிப்பு விகுதியும் அத்தகையதே. ஜில்லியன் ஃபிளின்னின் ‘கான் கேர்ள்’ (2012) புதினத்தில் மனைவியின் நாட்குறிப்பு முற்பகுதியில் உண்மைபோல் வைக்கப்பட்டு, பின்னர்ப் புனைவு என்று வெளிப்படுகிறது. ஆங்கிலத்தில் கணவனைக் குறிக்கும் சுட்டுப்பெயர் இரு பகுதிகளிலும் ஒன்றே. தமிழில் நாட்குறிப்பின் கணவர் ‘அவர்’. முகமூடி கழன்றபின் ‘அவன்’. நல்ல மனைவியாக நடித்தவளின் நடிப்பு முழுவதும் அந்த ரகரத்தில் தங்கியிருந்தது என்பது ஒரே எழுத்து மாற்றத்தால் புலப்பட்டுவிடும். டாஃப்னி டு மாரியேயின் ‘ரெபெக்கா’ (1938) கதையிலும் இதற்கு இடமுண்டு. பெயரே சொல்லப்படாத இரண்டாம் மனைவி, இறந்துபோன முதல் மனைவியை ‘அவர்’ என்று எண்ணத் தொடங்கி, உண்மை தெரிந்த நாளில் ‘அவள்’ என்று இறங்குவாளானால், அச்சம் நீங்கிய கணத்தைத் தமிழ் வாசகர் விகுதியிலேயே கேட்பார். உறவுப்பெயர்கள் மட்டும் தொல்லை தரும். ஆங்கிலம் ஒரே சொல்லால் சுட்டுவது நாத்தனாரா, அண்ணியா, ஓரகத்தியா, கொழுந்தியாளா என்று பெயர்ப்பாளர் முதல் பக்கத்திலேயே முடிவு செய்தாகவேண்டும்.

மீண்டும் தெலுங்குக்கு வருவோம். ‘வச்சிந்தி’க்குத் தமிழில் நேரான ஈடு இல்லை என்று மேலே கூறியது எழுத்துத் தமிழைப் பொறுத்தே. பேச்சுத்தமிழில் இளையவளையும் மனைவியையும் ‘அது’ என்பது பரவலான வழக்கு. சித்தூர்ப் பகுதித் தமிழிலும் அது காதில் விழும். ‘அது இன்னும் வரல’, ‘அது நேத்தே வந்துச்சு’ என்று கணவன் சொல்வதில் அன்பும் இருக்கலாம், அலட்சியமும் இருக்கலாம். காத்து, கருப்பு என்று பெயர் சொல்ல அஞ்சும் மூதாட்டியும் ‘அது’ என்றே சொல்வாள். ஆகவே மூலத்தில் உரையாடலாக வரும் இடங்களில், ‘ராத்திரி அது உள்ள வந்துச்சு’ என்று ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்தால் தெலுங்கு மயக்கம் ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்துவிடும். அவ்வாறு பேசக்கூடியவர் யார், பேசமாட்டாதவர் யார் என்பதை மட்டும் பெயர்ப்பாளர் பார்த்துக்கொள்ளவேண்டும். மாமியாரைப் பற்றி மருமகள் அவ்வாறு சொல்லமாட்டாள். சொன்னால் வீட்டில் வேறொரு கலகம் தொடங்கிவிடும்.